சிறையில் இருப்பவருக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடை: கொங்குப் பகுதிக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவை, ஈரோடு, சேலம் நீதிமன்றங்களில் வழக்கு நடத்துகிற வழக்கறிஞர் என்ற முறையில், சிறையில் இருப்பவர்களின் வீட்டார் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டத்தில் எனக்குத் தெரிந்ததையும், நுரையீரல் மருத்துவர்களிடம் கேட்டுப் புரிந்துகொண்டதையும் எழுதியிருக்கிறேன். சிகிச்சையில் முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் மருத்துவர்தான்.

ஏனுங்க, இது வெறும் குறட்டைதானே? இதுக்குப் போய் ஜெயில்ல மனு எழுதணுங்களா?

குறட்டை விடும் எல்லோருக்கும் இந்த நோய் இருப்பதில்லை. ஆனால் குறட்டை நடுவில் சட்டென்று நின்று, கொஞ்ச நேரம் சத்தமே இல்லாமல் போய், பிறகு திணறலோடு மூச்சை இழுக்கிறார் என்றால் விஷயம் வேறு. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை மூடிக்கொள்கிறது. தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாய் மடங்கிக் கிடந்தால் மோட்டார் ஓடியும் தண்ணீர் வராதே, அந்தக் கதைதான். நெஞ்சு ஏறி இறங்கும், காற்று உள்ளே போகாது.

10 நொடியோ அதற்கு மேலோ இப்படி நின்றால் ஒரு தடவை என்று கணக்கு. மணிக்கு 5 முதல் 15 தடவை வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் கடுமையானது. கடுமையான நிலையில் இருப்பவருக்கு ராத்திரி முழுக்க இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறையாவது மூச்சு அடைக்கிறது என்று அர்த்தம். ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்குகிறது, மூளை உலுக்கி எழுப்புகிறது, மறுபடி கண்ணை மூடுகிறார். காலையில் எதுவும் ஞாபகம் இருக்காது. கவனிக்காமல் விட்டால் ரத்தக் கொதிப்பு ஏறும், இதயத் துடிப்பு தாறுமாறாகும், பக்கவாத ஆபத்து கூடும்.

சிறைக்குள் இன்னொரு தொல்லையும் உண்டு. பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொக்கும். வேலை நேரத்தில் தூங்கி விழுந்தால் அதைச் சோம்பல் என்றும், கூப்பிட்டதும் எழுந்து நிற்காவிட்டால் திமிர் என்றும் எடுத்துக்கொள்வார்கள். அதனால்தான் நோய் எழுத்தில் பதிவாகி இருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். மனு கட்டாயம் எழுதுங்கள்.

சிபேப் மிஷின் இல்லாம பத்து நாள் இருந்தா என்னாகிடும்?

1981-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் கொண்டுவந்த சிகிச்சை இது. சின்ன மோட்டார் ஒன்று காற்றை லேசான அழுத்தத்தில் முகமூடி வழியாக மூக்கில் செலுத்தும். அந்த அழுத்தம் தொண்டையை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொருவருக்கும் எவ்வளவு அழுத்தம் என்று மருத்துவர் எழுதித் தருவார்.

மாட்டியிருக்கும் வரைதான் பலன். கழற்றினால் சில இரவுகளிலேயே திணறலும் பகல் தூக்கமும் பழையபடி வந்துவிடும். "ஜாமீன் வந்ததும் வீட்டில் மாட்டிக்கொள்ளட்டுமே" என்று சொல்பவர்களுக்கு இதை விளக்குங்கள். ஏற்கெனவே இதயக் கோளாறோ கொதிப்போ உள்ளவருக்குப் பத்து நாள் என்பது சின்ன விஷயம் இல்லை.

நேத்து ராத்திரி போலீஸ் கூட்டிட்டுப் போயிட்டாங்க. இப்ப முதல்ல என்ன செய்யறது?

ஜாமீனுக்கு ஓடும் அவசரத்தில் எல்லோரும் கோட்டைவிடுவது இந்த முதல் 24 மணி நேரத்தைத்தான். நோயை அதிகாரபூர்வமாகச் சொல்ல இதற்குள் மூன்று இடங்கள் வரும்.

முதலாவது அரசு மருத்துவமனை. ரிமாண்டுக்கு முன் மருத்துவப் பரிசோதனைக்குக் கூட்டிப் போவார்கள். குற்ற வழக்குகளுக்கான நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 53-ஆம் பிரிவு கைதானவரை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்கிறது. 56-ஆம் பிரிவு, காவலில் இருப்பவரின் உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் காவலில் வைத்திருப்பவர் மேல் போடுகிறது. அங்கே டியூட்டி மருத்துவர் "காயம் ஏதாவது இருக்கா?" என்று கேட்பார். இல்லை என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவது வழக்கம். அந்த நேரத்தில், "எனக்குத் தூக்கத்தில் மூச்சு நிற்கும் நோய், ராத்திரி மிஷின் வைத்துத்தான் தூங்குவேன்" என்று சொல்லி, அந்தத் தாளிலேயே எழுதச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது மாஜிஸ்திரேட். ரிமாண்ட் செய்யும்போது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்பார். வக்கீல் இருந்தால் ஒரு பக்க மெமோ போதும்: சிறை மருத்துவர் பரிசோதித்துச் சிகிச்சையைத் தொடர உத்தரவிடுங்கள் என்று. வக்கீல் வரவில்லையா, கைதானவரே வாயால் சொல்லலாம்.

மூன்றாவது சிறை வாசல். 1894-ஆம் ஆண்டு சிறைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவுப்படி, உள்ளே வரும் ஒவ்வொருவரையும் மருத்துவ அதிகாரியின் உத்தரவுப்படி கூடிய சீக்கிரம் பரிசோதித்து உடல்நிலையைப் பதிவு செய்ய வேண்டும். 38-ஆம் பிரிவுப்படி மருத்துவரின் அறிவுரைகள் கைதியின் ஹிஸ்டரி டிக்கெட்டில், அதாவது சிறையில் அவருக்கென்று இருக்கும் பதிவுச் சீட்டில் ஏற வேண்டும். அந்த டிக்கெட்டில் ஒரு வரி ஏறிவிட்டால் பிறகு யாரும் "எங்களிடம் சொல்லவே இல்லை" என்று சொல்ல முடியாது.

வீட்டில் இருப்பவர்கள் அதே நாளில் ஒரு கோப்பு தயார் செய்யுங்கள். தூக்கப் பரிசோதனை ரிப்போர்ட், அழுத்த அளவு எழுதிய மருத்துவர் சீட்டு, மிஷின் பில், சீரியல் நம்பர், முகமூடியின் அளவு, அவர் சாப்பிடும் மற்ற மாத்திரைகள். நாலு செட் ஜெராக்ஸ் எடுங்கள். அசல் வீட்டிலேயே இருக்கட்டும்.

மிஷினும் இல்ல, ரிப்போர்ட்டும் இல்ல. ஆனா வருசக்கணக்கா திணறுறாரு. எப்படி நிரூபிக்கிறது?

இந்தப் பகுதியில் பெரும்பாலானவர்கள் இந்த நிலையில்தான் சிறைக்குப் போகிறார்கள். விசைத்தறி, மில், லாரி என்று ஷிப்டு வேலை பார்த்தவர்களின் அசதிக்கு ராத்திரி வேலைதான் காரணம் என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடுவார்கள். பரிசோதனைக்கே போயிருக்க மாட்டார்கள்.

பக்கத்தில் படுத்த மனைவி பார்த்ததுதான் முதல் சாட்சி. எவ்வளவு நாளாக, ராத்திரியில் எத்தனை முறை, எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்குவாரா, காலையில் தலைவலி உண்டா என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சிறை மருத்துவருக்குக் கொடுங்கள். பழைய வீடியோ போனில் கிடந்தால் அதை வைத்திருங்கள். மருத்துவர்கள் ஸ்டாப்-பேங் என்ற எட்டுக் கேள்விப் பட்டியலை வைத்து ஆபத்தைக் கணிப்பார்கள்: சத்தமான குறட்டை, பகல் அசதி, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தது, ரத்தக் கொதிப்பு, பருமன், வயது 50-க்கு மேல், கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேல், ஆண். ஐந்தோ அதற்கு மேலோ ஆம் என்றால் ஆபத்து அதிகம். சிறை மருத்துவர் இதைக் கேட்டு முடிக்க ஐந்து நிமிடம் ஆகாது, செலவும் கிடையாது.

அடுத்தது விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரை ராத்திரி முழுக்கப் போட்டுப் பார்ப்பது. ஆக்ஸிஜன் அளவு ஏறி இறங்கும் கோடு நிறையச் சொல்லிவிடும். உறுதி செய்யத் தூக்கப் பரிசோதனை வேண்டும். அதற்கு ஒரு ராத்திரி வெளியே தங்க வேண்டும் என்பதால் வழிக்காவல் போலீஸ் கிடைக்காமல் தள்ளிப்போகும். இதற்கு இரண்டு வழி உண்டு. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் உள்ள கைதிகள் வார்டில் சேர்த்துப் பரிசோதிக்கக் கேட்கலாம். அல்லது படுக்கைக்கே கொண்டுவந்து மாட்டும் கையடக்கக் கருவியைச் சிறை மருத்துவமனையிலேயே போட்டுப் பார்க்கக் கேட்கலாம். இரண்டையும் ஒரே மனுவில் எழுதுங்கள். ஒன்று முடியாது என்று சொன்னாலும் மற்றது நிற்கும்.

கேட்டுல மிஷினை வாங்கவே மாட்டேங்கறாங்க. என்ன செய்யறதுங்க?

வாசலில் நிற்கும் காவலர் கண்ணால் அந்தப் பையை ஒரு தடவை பாருங்கள். ஆறடி நீளத்தில் ஒரு குழாய், மின்கம்பி, மோட்டார், முகத்தை மூடும் ரப்பர், தலையில் கட்டும் பட்டை. உள்ளே இதை வைத்துக் கழுத்தை இறுக்கலாம், எதையாவது ஒளித்துக் கடத்தலாம் என்று பயிற்சி பெற்ற மனசு அப்படித்தான் யோசிக்கும். கோவை நீதிமன்ற வளாகத்தில் ஒரு அம்மா, துணிப்பையில் மகனுடைய மிஷினைக் கட்டிக்கொண்டு சிறையிலிருந்து நேராக வந்திருந்தார். மருத்துவர் சீட்டு பையின் அடியில் மடித்துக் கிடந்தது. வாசலில் அதை யாரும் கேட்கவில்லை, அவரும் எடுத்துக் காட்டவில்லை. மிஷினைத் தூக்கிக்கொண்டு நேராக வாசலுக்குப் போனால் பெரும்பாலும் இப்படித்தான் திரும்ப வேண்டியிருக்கும்.

மிஷினுக்கு முன்னால் தாள் போக வேண்டும். சிறைக் கண்காணிப்பாளர் பெயருக்கு மனு எழுதி, நகல் சிறை மருத்துவ அதிகாரிக்கு என்று போட்டு, பதிவுத் தபாலிலும் நேரிலும் கொடுத்து, நேரில் கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். மனுவில் மிஷினின் மாடல், சீரியல் நம்பர், ஒவ்வொரு பாகமும் எதற்கு என்று எழுதுங்கள். அதிகாரிகள் பிரித்துப் பார்த்துச் சோதிக்க எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு வரி சேருங்கள். பகலில் மிஷின் சிறை மருத்துவமனையில் இருக்கட்டும், ராத்திரி மட்டும் கொடுங்கள் என்று நீங்களே சொல்லிவிட்டால் பாதித் தயக்கம் போய்விடும்.

ஒன்று பலருக்குத் தெரியாது. ரெஸ்மெட் கம்பெனியின் ஏர்சென்ஸ் 10 போன்ற மிஷின்களுக்குள் செல்போன் நெட்வொர்க்கில் தகவல் அனுப்பும் மோடம் இருக்கிறது. சிறைக்குள் தொலைத்தொடர்புக் கருவி கடுமையான தடை. இதை மறைத்துவிட்டுப் பிறகு தெரியவந்தால் எல்லாம் கெடும். ஏர்பிளேன் மோடில் போட்டு, முடிந்தால் விற்பனையாளரிடம் மோடம் அணைக்கப்பட்டதாகக் கடிதம் வாங்கி மனுவோடு இணையுங்கள். மோடம் இல்லாத சாதாரண மாடல் கிடைத்தால் அது இன்னும் நல்லது.

மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள். எழுத்தில் மறுக்கக் கேட்டதும் முடிவு மாறுவதுண்டு. மாறாவிட்டாலும் நீதிமன்றத்தில் காட்டக் கையில் ஒரு தாள் இருக்கும்.

நம் நாட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். திருச்சி மாவட்டத்தில் பிறந்த பாதிரியார் ஸ்டான் சுவாமி 2020 அக்டோபரில் கைதாகி மும்பைக்கு அருகே தலோஜா சிறையில் இருந்தார். நடுக்குவாத நோயால் டம்ளரைப் பிடிக்க முடியாத அவர், உறிஞ்சு குழலும் மூடிபோட்ட கோப்பையும் கேட்டு அந்த நவம்பரில் நீதிமன்றத்தில் மனுப் போட்டார். பதில் சொல்ல எதிர்த்தரப்புக்கு அவகாசம் கொடுக்கப்பட்டது, வாரங்கள் ஓடின. 2021 ஜூலை 5 அன்று, காவலில் இருந்தபடியே மருத்துவமனையில் இறந்தார். ஒரு கோப்பைக்கே வாரக்கணக்கில் ஆனது. மிஷினுக்கு இன்னும் விடாமல் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

செல்லுக்குள்ள பிளக் பாயிண்டே இல்லீங்களே?

பெரும்பாலும் இருக்காது. அதனால் ராத்திரி மட்டும் சிறை மருத்துவமனை வார்டில் படுக்க அனுமதி கேட்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும் வழி. சிறைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு சிறையிலும் நோயாளிகளுக்கு மருத்துவமனையோ அதற்கான தனி இடமோ இருக்க வேண்டும். மின்சாரம் ஒரு சாக்கே இல்லை. ஈரப்பதம் ஊட்டும் தண்ணீர்ப் பெட்டியைக் கழற்றிவிட்டால் மிஷின் இழுப்பது ஒரு சீலிங் ஃபேன் அளவுக்கோ அதற்குக் கீழேயோதான். அந்தப் பெட்டிக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் வேண்டும், அதற்குத் தனியாக அலைய வேண்டிவரும். மூக்கு வறட்சியைத் தாங்க முடிகிறவர்கள் பெட்டி இல்லாமலே ஓட்டலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் முகமூடியைக் கழற்றிவிட வேண்டும் என்பதை அவரிடமும் வார்டில் இருப்பவரிடமும் சொல்லிவையுங்கள்.

மிஷினை அரசாங்கம் வாங்கித் தருமா, நாமதான் வாங்கணுமா?

சட்டப்படி காவலில் இருப்பவரின் சிகிச்சை அரசின் பொறுப்பு. 1978, 1979 சுனில் பத்ரா வழக்குகளில் உச்ச நீதிமன்றம், சிறைக் கதவு மூடியதும் அடிப்படை உரிமைகள் போய்விடுவதில்லை என்று தெளிவாக்கிவிட்டது. கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று ஐ.நா. 2015-இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் 24-ஆவது விதி, வெளியே மக்களுக்குக் கிடைக்கும் அதே தரத்தில், இலவசமாக, சிறையிலும் மருத்துவம் கிடைக்க வேண்டும் என்கிறது. 27-ஆவது விதி இன்னும் முக்கியம்: மருத்துவ முடிவை மருத்துவர்தான் எடுக்க வேண்டும், மருத்துவம் சாராத சிறை அதிகாரி அதை மாற்றக் கூடாது. இந்த விதிகள் நேரடியாகச் சட்டம் இல்லை. ஆனாலும் மனுவில் எழுதுங்கள், நீதிமன்றங்கள் இவற்றைக் கவனத்தில் எடுத்துக்கொள்கின்றன.

நடைமுறையில் அரசு வாங்கித் தரும் வரை காத்திருப்பது நீளும். புது மிஷின் பல ஆயிரங்கள் ஆகும், தறி ஓட்டுகிற குடும்பத்துக்கு அது பல மாதக் கூலி. வசதி உள்ள குடும்பம் வாங்கிக் கொடுத்துவிடுகிறது, இல்லாத குடும்பத்து ஆள் மூச்சுத் திணறிக் கிடக்கிறார். இது அநியாயம். அதனால் சொந்த மிஷின் இருந்தாலும் மனுவில் "அரசு செலவில் வழங்க வேண்டும், அதுவரை எங்கள் மிஷினை அனுமதிக்க வேண்டும்" என்று இரண்டையும் கேளுங்கள். உங்களுக்குப் பின்னால் வருபவருக்கு அது உதவும்.

விசாரணைக் கைதியாக இருந்தால் சிறைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவையும் காட்டுங்கள். தண்டிக்கப்படாதவர் உணவு, உடை, படுக்கை, மற்ற அவசியப் பொருட்களை வெளியிலிருந்து சோதனைக்கு உட்பட்டுப் பெறலாம் என்கிறது அது.

செகண்ட் ஹேண்டில் வாங்குவதானால் கவனம். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் தன்னுடைய பல சிபேப் மாடல்களைத் திரும்பப் பெற்றது. சத்தம் குறைக்க உள்ளே வைத்த நுரைப்பஞ்சு சிதைந்து துகள்கள் மூச்சில் போகும் அபாயம் இருந்ததுதான் காரணம். சீரியல் நம்பரைச் சரிபாருங்கள். முகமூடியும் குழாயும் புதிதாகத்தான் இருக்க வேண்டும்.

கிளைச் சிறையில வெச்சிருக்காங்க. அங்க டாக்டரே இல்லைங்க.

பொள்ளாச்சி, நாமக்கல் மாதிரி ஊர்களில் உள்ள சிறிய சிறைகளில் முழுநேர மருத்துவரை எதிர்பார்க்க முடியாது. மத்திய சிறைக்கு மாற்றச் சொல்லி ரிமாண்ட் செய்த நீதிமன்றத்திலேயே மனுப் போடுங்கள். மனு பார்க்க, அதாவது உள்ளே இருப்பவரை நேரில் சந்திக்கப் போகும் குடும்பத்துக்குத் தூரம் கூடும் என்பது உண்மைதான். கடுமையான நோய் என்றால் தூரத்தைப் பார்க்காதீர்கள்.

ஜெயிலர்கிட்ட சொல்லியும் ஒண்ணும் நடக்கல. அடுத்து எங்க போறது?

சிறைச் சட்டத்தின் 37-ஆம் பிரிவுப்படி, மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு கைதி சொன்னால் பொறுப்பில் உள்ள காவலர் தாமதம் இல்லாமல் மேலே தெரிவிக்க வேண்டும். அது நடக்கவில்லை என்றால் முதலில் ரிமாண்ட் நீதிமன்றம். 15 நாளைக்கு ஒரு முறையாவது காவல் நீட்டிப்புக்கு நீதிபதி முன் வருவார், வீடியோவில் என்றாலும் சரி. அந்த ஒரு நிமிடத்தில் அவரே, "ராத்திரி மூச்சு நிற்கிறது, சிகிச்சை கிடைக்கவில்லை" என்று சொல்ல வேண்டும். என்ன சொல்ல வேண்டும் என்று மனு பார்க்கும்போதே சொல்லிக்கொடுங்கள்.

வக்கீல் வைக்கக் காசில்லை என்று யாரும் பேசாமல் இருக்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி, காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்றாலும் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே ஆணையத்தின் அலுவலகம் இருக்கும். தொலைபேசி எண் 15100.

மருத்துவக் குறிப்புகளின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். உயிரோடும் சுதந்திரத்தோடும் சம்பந்தப்பட்ட தகவலை 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்று 7-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த வாசகத்தை மனுவின் தலைப்பிலேயே போடுங்கள்.

அதற்கும் மேலே உயர் நீதிமன்றம். கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல், நீலகிரிக்காரர்கள் சென்னைக்குப் போக வேண்டும். கரூருக்கும், பழனி ஒட்டன்சத்திரம் அடங்கிய திண்டுக்கல் மாவட்டத்துக்கும் மதுரைக் கிளை. மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதலாம், ஆனால் அவசரத்துக்கு நீதிமன்றம்தான் சரி.

இந்த நோயைச் சொல்லி ஜாமீன் கிடைக்குமா?

இதை மட்டும் வைத்துக் கிடைப்பது கஷ்டம். நம்பிக்கை கொடுத்து ஏமாற்ற எனக்கு மனசில்லை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 480-ஆம் பிரிவு, நோயுற்றவர் என்பதை ஜாமீன் கொடுக்க ஒரு காரணமாக ஏற்கிறது. ஆனால் நீதிபதி உடனே கேட்பது, "இந்தச் சிகிச்சையைச் சிறையிலேயே கொடுக்க முடியாதா?" என்பதுதான். சிபேப்பைச் சிறையிலேயே கொடுக்க முடியும் என்பதால் அரசு வக்கீலுக்குப் பதில் சுலபம். வணிக அளவுக் கஞ்சா வழக்கு என்றால் போதைப்பொருள் சட்டத்தின் 37-ஆம் பிரிவும் குறுக்கே நிற்கும்.

கேட்டும் மிஷின் தரவில்லை, ஆக்ஸிமீட்டரில் அளவு இறங்குவது பதிவாகி இருக்கிறது, கூடவே இதய நோய் இருக்கிறது என்றால் வாதம் பலமாகும். நீங்கள் கொடுத்த மனுக்களின் நகல்கள் அங்கேதான் பேசும். மிஷினில் உள்ள மெமரி கார்டும் சாட்சிதான், கைதாவதற்கு முந்தின நாள் வரை தினமும் எத்தனை மணி நேரம் மாட்டியிருந்தார் என்று அதில் இருக்கும். அதை அழித்துவிடாதீர்கள். தண்டனை பெற்று மேல்முறையீட்டில் இருப்பவர்கள் அதே சன்ஹிதாவின் 430-ஆம் பிரிவில் தண்டனையை நிறுத்திவைக்கக் கேட்கும்போதும் இதே ஆவணங்கள் வேண்டும்.

எங்க ஊட்டுக்காரர் லாரி டிரைவருங்க. ஓட்டும்போது கண்ணசந்து ஆக்சிடென்ட் ஆயிருச்சு, ஒரு உசுரு போயிருச்சு. இந்த நோயைச் சொன்னா கேசுக்கு நல்லதா, கெட்டதா?

சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் இருந்து இந்தக் கேள்வி வராத மாதம் குறைவு. முதலில், இறந்தவர் வீட்டிலும் இப்படி ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டே பதில் சொல்கிறேன்.

குற்றங்களையும் தண்டனைகளையும் சொல்லும் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், அஜாக்கிரதையால் மரணம் என்ற 106(1) மட்டும் போட்டிருந்தால் அது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். கொலை ஆகாத மரணம் விளைவித்தல் என்ற 105-ஆம் பிரிவைச் சேர்த்துவிட்டால் ஜாமீன் கடினமாகும். நோய் இரண்டு பக்கமும் வெட்டும். இருப்பதே தெரியாமல் ஓட்டினார் என்றால் அவருக்குச் சாதகமாக ஒரு வாதம் உண்டு. ஏற்கெனவே மருத்துவர் சொல்லி, சிகிச்சை எடுக்காமல் ஓட்டினார் என்றால் அதே ரிப்போர்ட் அவருக்கு எதிராக நிற்கும். ஆகவே வழக்கில் எப்போது, எப்படிச் சொல்வது என்பதை வக்கீலிடம் விட்டுவிடுங்கள்.

சிகிச்சைக்காகச் சிறை மருத்துவரிடம் சொல்வதைத் தள்ளிப்போடக் கூடாது. மூச்சு விஷயம் முதலில். மருத்துவரிடம் நோய் அறிகுறிகளை மட்டும் சொன்னால் போதும், விபத்தை விவரிக்க வேண்டியதில்லை.

அப்புறம் ஒன்று. ராத்திரி லோடு ஏற்றி விடிவதற்குள் வடக்கே ஊர் சேர வேண்டும் என்று டிரைவரை விரட்டுகிற முதலாளிகள், வண்டிக்கு எஃப்.சி. பார்க்கும் அக்கறையில் கொஞ்சத்தை டிரைவரின் தூக்கத்துக்கும் காட்டியிருந்தால் இந்த வழக்குகளில் சில வந்தே இருக்காது. கழுத்து தடித்து, பகலில் சொக்கி விழும் டிரைவரைப் பரிசோதனைக்கு அனுப்புவது சங்கங்களால் முடிகிற காரியம்.

மிஷின் வர்ற வரைக்கும் உள்ள என்ன செய்யறது?

மல்லாந்து படுக்கக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வேண்டும். தூக்கத்தில் திரும்பிவிடாமல் இருக்கச் சட்டையின் முதுகுப் பக்கம் ஒரு துணிச் சுருளைத் தைத்துக்கொள்வது பழைய உபாயம், பலருக்குப் பலன் தருகிறது. தலைமாட்டை உயர்த்த இன்னொரு போர்வை கேட்கலாம். மூக்கடைப்புக்கு மருந்து வாங்கிக்கொள்ளட்டும். எடை குறைந்தால் நோயும் குறையும், அது மாதக்கணக்கில் ஆகும் வேலை. இவை எல்லாம் இடைக்கால ஏற்பாடு. கடுமையான நோய்க்கு மிஷினுக்கு ஈடாகாது.

தூக்கமே வரலைன்னு மாத்திரை வாங்கிச் சாப்பிடறாராம். பரவாயில்லைங்களா?

இதுதான் எனக்கு ரொம்பப் பயம் தருவது. டயஸிபாம், அல்பிரஸோலம் போன்ற மாத்திரைகள் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும், மூளை உலுக்கி எழுப்புவதையும் மந்தமாக்கும். அபின் வகை வலி மாத்திரைகள் மூச்சையே மட்டுப்படுத்தும். மாத்திரை எழுதும் மருத்துவருக்கு மூச்சுத் தடை இருப்பது தெரிந்தே ஆக வேண்டும். வேறு கைதியிடம் வாங்கிச் சாப்பிடவே கூடாது. நெடுநாளாகச் சாப்பிடுகிறவர் தானாகச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து, வலிப்பு வரலாம். மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

குறட்டைச் சத்தம் தாங்காம கூட இருக்கறவங்க அடிக்கறாங்களாம்.

நெருக்கி நெருக்கிப் பாய் விரித்துப் படுக்கும் இடத்தில் ஒருவருடைய குறட்டை இருபது பேர் தூக்கத்தைக் கெடுக்கும். உதைத்து எழுப்புவார்கள், கழிப்பறை ஓரம் தள்ளிவிடுவார்கள். அடி பட்டால் மறைக்காமல் சிறை மருத்துவரிடம் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். இதையே காரணம் காட்டி வார்டில் இடம் கேட்கலாம். தனி செல்லில் போடுகிறோம் என்றால் யோசியுங்கள். ராத்திரி திணறினால் பார்த்துக் குரல் கொடுக்க ஆள் இருக்காது. பக்கத்தில் படுப்பவரிடம் பொறுமையாக விஷயத்தைச் சொல்லி, மூச்சு நின்றால் தட்டித் திருப்பிவிடக் கேட்பது நல்லது. விஷயம் தெரிந்துவிட்டால் உதவி செய்கிறவர்கள் உள்ளே நிறைய இருக்கிறார்கள்.

பொம்பளைங்களுக்கும் இது வருமா?

வரும், மாதவிடாய் நின்ற பிறகு கூடுதலாக. பெண்களிடம் குறட்டையைவிட அசதி, காலைத் தலைவலி, தூக்கம் கலைவது, மனச்சோர்வு என்றுதான் வெளிப்படும். கோவை பெண்கள் சிறையில் இருப்பவர் இப்படிச் சொன்னால் "வீட்டுக் கவலை" என்று முடித்துவிடாமல் பரிசோதிக்கக் கேளுங்கள். தைராய்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெளிய இருக்கற ஏழைக்கே இந்த மிஷின் கிடைக்கல. தப்பு செஞ்சு உள்ள போனவனுக்கு எதுக்குங்க?

நியாயமான கோபம்தான், மழுப்ப மாட்டேன். வெளியே இருக்கும் ஏழைக்கும் கிடைக்க வேண்டும். ஆனால் அவர் நாளைக் காலையில் பஸ் ஏறிப் பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம், கடன் வாங்கலாம், ஒருக்களித்துப் படுக்க இடமாவது இருக்கும். சிறையில் இருப்பவர் மருத்துவரைப் பார்க்கவே இன்னொருவர் கதவைத் திறக்க வேண்டும்.

அப்புறம், உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோர் குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். தேசியக் குற்றப் பதிவேடுகள் துறையின் கணக்குப்படி 2022 முடிவில் நாட்டின் சிறைகளில் இருந்த 5.73 லட்சம் பேரில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். நிரூபிக்கப்பட்டவருக்கும் நீதிமன்றம் கொடுத்தது சிறைவாசம் மட்டும். கோவைச் சிறையில் வ.உ.சி.யைச் செக்கிழுக்க வைத்த வெள்ளைக்காரன் காலத்தில் உடம்பை வதைப்பதும் தண்டனையாக இருந்தது. மூச்சை நிறுத்துவது இன்று எந்தத் தீர்ப்பிலும் எழுதப்படுவதில்லை.

வேற நாடுகள்ல எப்படி?

அமெரிக்காவில் 1976-இல் எஸ்டெல் எதிர் கேம்பிள் வழக்கில், கைதியின் கடுமையான மருத்துவத் தேவையை வேண்டுமென்றே அலட்சியப்படுத்துவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சிபேப் மறுக்கப்பட்ட கைதிகள் அதை வைத்தே வழக்குப் போடுகிறார்கள். இங்கிலாந்தில் 2006 முதல் சிறை மருத்துவம் பொது மக்களுக்கு வைத்தியம் பார்க்கும் அதே தேசிய சுகாதாரத் துறையிடம் இருக்கிறது. எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான். மருத்துவர் சிறை அதிகாரியின் முகத்தைப் பார்த்து எழுத வேண்டியதில்லை.

வேற ஜெயிலுக்கு மாத்திட்டாங்க. மிஷின் பழைய ஜெயில்லயே நின்னு போச்சு.

அடிக்கடி நடப்பதுதான். மாற்றல் தெரிந்த அன்றே இரண்டு கண்காணிப்பாளர்களுக்கும் மனு அனுப்புங்கள். மண்டேலா விதிகளில் 26-ஆவது விதி, மருத்துவக் கோப்பு கைதியோடு போக வேண்டும் என்கிறது. கோப்பும் மிஷினும் ஒரே வண்டியில் போக வேண்டும் என்று அதிலேயே எழுதுங்கள். நீங்கள் எடுத்து வைத்த நாலு செட் ஜெராக்ஸில் ஒன்று புதுச் சிறை மருத்துவருக்கு.

விடுதலை ஆகி வந்ததும் என்ன பார்க்கணும்?

மிஷினையும் எல்லாப் பாகங்களையும் பதிவேட்டில் சரிபார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். சிறை மருத்துவக் குறிப்புகளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். முகமூடியையும் வடிகட்டியையும் மாற்றுங்கள். உள்ளே இருந்த காலத்தில் எடை மாறியிருக்கும் என்பதால் பழைய அழுத்த அளவு இப்போது பொருந்தாமல் போகலாம். அரசு மருத்துவமனை நெஞ்சக நோய்ப் பிரிவில் ஒரு முறை காட்டி அளவைச் சரிசெய்து கொள்ளுங்கள். டிரைவராக இருந்தால் அதை முடித்துவிட்டுத்தான் வண்டிச் சாவியைத் தொட வேண்டும்.